வடசென்னையில் பழைய வீடு வாங்குகிறீர்களா? எதை முதலில், எதைப் பிறகு செய்வது

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, பெரம்பூரிலிருந்து மாதவரம் வரை, ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கும் தனி வீட்டையோ பழைய அடுக்குமாடியில் ஒரு வீட்டையோ வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டுமான நிறுவனத்திடம் புதிதாக வாங்குவதற்கு வேறு பட்டியல் வேண்டும்.

எனக்கென்று ஒரு வீடு வாங்கினேன். அதன்பின் உறவினர், நண்பர் என்று பலருக்குத் துணையாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நடந்திருக்கிறேன். சிக்கலில் மாட்டியவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்லர். பத்திரம், வில்லங்கம் (சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடகு விவரம்), பட்டா எல்லாவற்றையும் பார்த்தார்கள்; ஆனால் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பார்த்தார்கள். பணம் கைமாறியபின் கண்ணில் படும் குறையை மனமே சிறிதாக்கிக் காட்டும். கீழே உள்ள வரிசையில் அட்வான்ஸ் எட்டாவதாக வருவது அதனால்தான்.

கிளம்பும் முன் சில ஏற்பாடுகள் தேவை. உங்களுக்கு மட்டும் வேலை செய்யும் வழக்கறிஞர் ஒருவர் வேண்டும். தரகர் கூட்டிவருபவரோ விற்பவரின் குடும்ப வக்கீலோ உதவமாட்டார். அனுபவமுள்ள கட்டடப் பொறியாளர் அல்லது கொத்தனார் மேஸ்திரி ஒருவர் வேண்டும். 30 மீட்டர் அளவு நாடா, ஒரு டார்ச், மூடி போட்ட ஒரு கண்ணாடிப் பாட்டில், குறைந்தது மூன்று மாதப் பொறுமை.

1. முதலில் கணக்கு

வீட்டின் விலை வேறு, வீடு உங்கள் பெயருக்கு வந்து சேரும் செலவு வேறு. விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஜூலையில் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து குறைக்கப்பட்டது. கூடவே வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு தெருவாரியாக நிர்ணயிக்கும் மதிப்பு) உயர்ந்ததால், அந்தக் குறைப்பு கையில் தங்கியதா என்பது தெருவுக்குத் தெரு மாறும். பத்திர விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மீதுதான் இந்த 9 சதவீதம் போடப்படும்.

60 லட்ச ரூபாய் வீடு என்றால் 5,40,000 ரூபாய் பதிவுக்கே போய்விடும். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மதிப்பில் பதிவுச் செலவு சேராது. ஆக 12 லட்சமும் 5,40,000 ரூபாயும் உங்கள் கைப்பணம். தரகு, வக்கீல் கட்டணம், பழுதுபார்ப்பு எல்லாம் அதற்கு மேல். பழைய கட்டடமாக இருந்தால் வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் மதிப்பு நீங்கள் பேசிய விலைக்குக் கீழே நிற்பதும் உண்டு. கடன் தகுதியை எழுத்தில் வாங்காமல் வீடு பார்க்கக் கிளம்பினால், பிடித்துப்போன வீட்டின் முன் நின்று கணக்குப் போடுவீர்கள். அந்தக் கணக்கு எப்போதும் சரியாக வந்துவிடும், அதுதான் ஆபத்து.

2. வீட்டுக்கு முன் தெருவைப் பாருங்கள்

ஒரே வீட்டைக் குறைந்தது மூன்று முறை பாருங்கள்: வேலைநாள் காலையில், இரவு பத்து மணிக்கு மேல், நல்ல மழை பெய்த மறுநாள். எண்ணூர் விரைவுச்சாலையை ஒட்டிய தெருக்களில் கன்டெய்னர் லாரிகளின் அதிர்வு இரவில்தான் தெரியும். மணலிப் பக்கம் காற்று திரும்பும் நாளில் வரும் வாடையை, ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து போகிறவர் அறியமாட்டார்.

வெள்ளத்தைப் பற்றி விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. “முழங்கால்கூட வந்ததில்லை” என்றுதான் சொல்வார். சுவரைக் கேளுங்கள். வெளிக்கதவின் அடிப்பகுதி மட்டும் எந்த உயரம் வரை துருப்பிடித்திருக்கிறது? கூடத்தில் பிளக் பாயின்ட்டுகள் இடுப்புக்கு மேல் ஏற்றிவைக்கப்பட்டிருக்கின்றனவா? மின்சார மீட்டர் பலகை ஆள் உயரத்துக்கு மேல் போயிருக்கிறதா? பீரோவின் கீழ் செங்கல் அடுக்கியிருக்கிறார்களா? வீடு முழுக்க ஒரு வண்ணமும், தரையிலிருந்து மூன்றடிக்கு மட்டும் புது வண்ணமும் இருந்தால் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். வண்ணத்துக்குள் உப்பு பூத்திருந்தால் மாவுபோல் நொறுங்கும்.

ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலையாற்றின் முகத்துவாரம் ஆகியவற்றிலிருந்து வீடு எவ்வளவு தொலைவு என்பதை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர், திருவொற்றியூர்ப் பகுதி வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்தது. தண்ணீர் வடிந்தால் போய்விடும்; எண்ணெய்க் கறை சுண்ணாம்பு அடித்தாலும் மஞ்சளாக எட்டிப் பார்க்கும். 2015, 2023 இரண்டு ஆண்டுகளையும் பெயர் சொல்லித் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடமும் மாவு மில்லிலும் கேளுங்கள். அவர்களுக்கு விற்பதற்கு ஒன்றுமில்லை.

தெருவுக்கும் வாசற்படிக்கும் உள்ள உயர வித்தியாசத்தையும் அளந்துகொள்ளுங்கள். பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைச் சந்துகளில் சாலையை மேலுக்கு மேல் போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்கிப் போகிறார்கள்.

பாட்டில் எதற்கென்றால், போரிங் தண்ணீருக்கு. பிடித்து மூடி ஓர் இரவு வையுங்கள். அடியில் செம்மண் நிறத்தில் படிந்தால் இரும்பு. அதை வடிகட்டிச் சமாளிக்கலாம். நாக்கில் உப்புக் கரித்தால் கடலோரத்தில் அதற்கு மருந்தில்லை. மேலே வானவில் நிறத்தில் படலம் கட்டினாலோ, மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வந்தாலோ அந்த வீட்டை விட்டுவிடுங்கள். 2013இல் தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய்க் கசிவு நிலத்தடி நீரில் கலந்ததை அந்தப் பகுதிக்காரர்கள் மறக்கவில்லை.

3. மனை யாருடையது?

வடசென்னையில் பத்திரத்தைக் கையில் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இது. கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர், மண்ணுக்குச் சொந்தக்காரர் வேறொருவர் என்பது இங்கே சாதாரணம்.

கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ சொந்தமான அடிமனையில் பாட்டனார் காலத்தில் வீடு கட்டி, மாதாமாதம் மனை வாடகை செலுத்திவரும் குடும்பங்கள் பல. அவர்கள் கட்டடத்தை மட்டுமே விற்க முடியும். “நூறு வருஷமாக எங்கள் வீடு” என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் வீடுதான் அவர்களுடையது. 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி “மனையைப் பிறகு கிரயம் வாங்கிக்கொள்ளலாம்” என்று யாராவது ஆசை காட்டுவார்கள். 1996ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சமய நிறுவனங்களின் நிலத்துக்கு அந்த வழி கிடையாது. வங்கிக் கடனும் கிடைக்காது.

அடுத்தது, வாரியக் குடியிருப்பு. குடிசை மாற்று வாரியம் (2021 முதல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) ஒதுக்கிய வீட்டை, ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் காட்டி விற்பவர்கள் உண்டு. தவணை முடிந்து, வாரியமே ஒதுக்கீடுதாரருக்கு விற்பனைப் பத்திரம் எழுதிக்கொடுத்திருந்தால் மட்டும் மேலே பேசுங்கள். நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய “விட்டுக்கொடுத்த” கடிதத்தால் உரிமை மாறாது.

மாதவரம், மணலி, புழல் பக்கம் கிராம நத்தம், ஏரிப் புறம்போக்கு, அங்கீகாரமற்ற மனைப்பிரிவு என்று கேள்விகள் வேறு. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்தது. உங்கள் மனைக்கு அந்த ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள், “விண்ணப்பித்திருக்கிறோம்” என்பதை ஆணையாகக் கொள்ளாதீர்கள். புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும், காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலும் புதிதாகக் கட்டக் கட்டுப்பாடுகள் உண்டு. சர்வே எண்ணைக் கொடுத்து சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) நிலப் பயன்பாட்டு வகையைப் பார்த்துவிட்டால் ஒரு வார அலைச்சல் மிச்சம்.

4. பத்திரங்களை மூலத்தில் பாருங்கள்

நகலில் எல்லாம் அழகாக இருக்கும். இன்றைய உரிமையாளரின் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரம், அதற்கும் முந்தையது என்று குறைந்தது 30 ஆண்டுச் சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் நான்கெல்லையும் அளவும் ஒத்துப்போகிறதா என்று வக்கீல் பார்ப்பார், நீங்களும் பாருங்கள். பெரும்பாலும் சங்கிலி அறுவது ஒரு மரணத்தில்தான்.

அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், வாரிசுச் சான்றிதழில் உள்ள அனைவரும் கையெழுத்திட வேண்டும். கட்டிக்கொடுத்த மகள்களும் அதில் அடக்கம். “தங்கைக்குச் சீர் செய்துவிட்டோம், அவள் எதுவும் கேட்கமாட்டாள்” என்ற வாக்கியத்தை நான் ராயபுரத்திலும் கேட்டிருக்கிறேன், வியாசர்பாடியிலும் கேட்டிருக்கிறேன். கேட்கமாட்டார் என்றால், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கட்டும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்பா இறந்தபோது அவருடைய தாய், அதாவது பாட்டி, உயிரோடு இருந்து பிறகு காலமாகியிருந்தால், அவர் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போகும். அதாவது, நீங்கள் பார்த்தேயிராத ஓர் அத்தையின் கையெழுத்து தேவைப்படலாம். வாரிசுகளில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். உயில் வழியாக வந்த சொத்து என்றால் வக்கீல் எழுத்தில் கருத்துத் தரும்வரை நகராதீர்கள்.

பொது அதிகாரப் பத்திரம் வைத்திருப்பவர் விற்றால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்று வேண்டும். கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் முடிந்துவிடும். அதிகாரப் பத்திரத்தை வைத்தே வீட்டை “வாங்கியிருப்பவர்” உரிமையாளர் அல்லர் என்பதை உச்ச நீதிமன்றம் 2011இலேயே தெளிவாக்கிவிட்டது.

“மூலம் தொலைந்துவிட்டது” என்று சொன்னால் அது வட்டிக்காரரின் இரும்புப் பெட்டியில் இருக்கலாம். பதிவு செய்யாத அடகு வில்லங்கச் சான்றில் தெரியாது. காவல் துறைச் சான்று, நாளிதழ் அறிவிப்பு, சான்றிட்ட நகல் மூன்றும் இல்லாமல் மேலே போகாதீர்கள்.

5. வில்லங்கச் சான்று: எண்களின் காடு

புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். பதிவுத் துறை இணையதளத்தில் எண்ணைப் போட்டு, “பதிவு ஏதுமில்லை” என்று வந்ததும் மகிழ்ந்துவிடுகிறார்கள். ஏதுமில்லை என்பதன் பொருள், அந்த எண்ணில் ஏதுமில்லை என்பது மட்டுமே.

வடசென்னை வீடு ஒன்றுக்குப் பழைய சர்வே எண், மறு அளவை எண், நகர அளவை எண் என மூன்று இருக்கலாம். கதவு எண்ணும் பழையது, புதியது என இரண்டு. தெருப் பெயர்கூட மாறியிருக்கும். திருவொற்றியூர், மாதவரம், மணலி ஆகியவை 2011இல் மாநகராட்சியோடு சேருமுன் தனி நகராட்சிகள். பழைய பத்திரத்தில் கிராமப் பெயர் மட்டும் இருக்கும்.

என் கதை இதற்கு உதாரணம். நான் முதலில் பேசிய வீட்டுக்குப் புதிய கதவு எண்ணிலும் நகர அளவை எண்ணிலும் தேடினேன், சுத்தம். வக்கீல் தாய்ப் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்திலிருந்து பழைய சர்வே எண்ணை எடுத்து மறுபடி தேடச் சொன்னார். ஒரு வரி வந்தது: உரிமை ஆவணங்களை ஒப்படைத்து வாங்கிய கடன், அடைத்ததற்கான ரசீதுப் பதிவு இல்லை. விற்பவர் நல்லவர்தான். கடனை அடைத்திருந்தார், ரசீதைப் பதிவு செய்ய மறந்திருந்தார். ஆனால் அந்த மறதியைச் சரிசெய்ய வங்கிக் கிளைக்கும் அவருக்கும் நான்கு மாதம் பிடித்தது. அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அந்த நான்கு மாதமும் எனக்குத் தூக்கம் இருந்திருக்காது.

ஆகவே எல்லா எண்களிலும் தனித்தனியாகத் தேடுங்கள். இணையத்தில் பொதுவாக 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் மனுக்கொடுக்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகங்களின் எல்லை காலப்போக்கில் மாறியிருப்பதால், பத்திரம் பதிவான பழைய அலுவலகத்திலும் தேடச் சொல்லுங்கள். கூடவே பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுத்துப் பெயரையும் பரப்பையும் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். பட்டாவில் பாட்டனார் பெயரே இருப்பது குற்றமல்ல, வேலை பாக்கி என்று பொருள். “சர்க்கார்” என்றோ கோயில் பெயரோ இருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

6. நாடாவை எடுத்து அளங்கள்

பத்திரத்தில் அரை கிரவுண்ட், அதாவது 1,200 சதுர அடி என்றிருக்கும். தரையில் 1,090 இருக்கும். மீதி பக்கத்து வீட்டுப் படிக்கட்டுக்கடியில் போயிருக்கும். நான்கு பக்கமும் நீங்களே அளந்து, பத்திரத்தின் நான்கெல்லை வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். இடைவெளியில்லாமல் ஒட்டிக் கட்டிய வீடுகளில் நடுச்சுவர் பொதுச்சுவரா, தனிச்சுவரா என்று பத்திரத்தில் தேடுங்கள். நாளை இடித்துக் கட்டும்போது வழக்கு தொடங்கும் இடம் அதுதான். பொது வழி, பொதுக் கிணறு பற்றிய வரிகளும் அப்படியே.

இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால் தெருவின் அகலத்தையும் அளங்கள். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்டச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி 2024 ஜூலை முதல் கிடைக்கிறது. சிக்கலற்ற மனைக்கு அது பெரிய வசதி.

அடுக்குமாடி என்றால், பிரிக்கப்படாத மனைப் பங்கு (மொத்த மனையில் உங்கள் வீட்டுக்குரிய பாகம்) எவ்வளவு என்பதே முக்கியம். எல்லா வீடுகளின் பங்கையும் கூட்டினால் மனையின் பரப்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால், அனுமதி இல்லாத மாடி ஒன்று மேலே இருக்கக்கூடும். அனுமதி வரைபடத்தோடு மாடிகளை எண்ணிப் பாருங்கள்.

7. கட்டடம்

இது பொறியாளர் வேலை. மெட்ராஸ் டெரஸ் கூரை பற்றி மட்டும் ஒரு சொல். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்பில் போட்ட அந்தக் கூரை பழசு என்பதற்காகப் பயப்பட வேண்டாம். கட்டையின் நடுவைப் பார்க்காதீர்கள். சுவருக்குள் நுழையும் முனையைப் பாருங்கள். ஈரமும் கரையானும் அங்கேதான் தங்கும். ஸ்குரூ டிரைவரால் குத்தினால் மெத்தென்று இறங்கக் கூடாது. மேலே யாராவது சிமென்ட் போட்டு ஒரு தளம் ஏற்றியிருந்தால், அந்தப் பாரத்தைக் கீழ்ச்சுவர் தாங்குகிறதா என்பதைப் பொறியாளர் சொல்லட்டும். கழிவுநீர் இணைப்பு வீட்டுக்குத் தனியாக இருக்கிறதா, பக்கத்து வீட்டோடு சேர்ந்ததா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, தெருவில் மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

8. இப்போது அட்வான்ஸ்

முதல் ஏழும் சரியாக வந்தபின்தான் பணப்பை திறக்கலாம். அதற்கு முன் “இன்னொரு பார்ட்டி நாளைக்கு வருகிறார்” என்று தரகர் சொன்னால், வரட்டும் என்று விடுங்கள்.

ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தப் பதிவு கட்டாயம். பதிவானால் அது வில்லங்கத்தில் ஏறும். அதே வீட்டை இன்னொருவருக்கு விற்பது கடினமாகும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கொடுக்கல் வாங்கல் செய்வது வருமான வரிச் சட்டத்துக்கு எதிரானது. வங்கி வழியே அனுப்புங்கள், எல்லா வாரிசுகளின் கணக்குக்கும் அவரவர் பங்குப்படி. மூத்த மகன் கணக்குக்கு மொத்தமாகப் போட்டால், பதிவு நாளில் இளையவர் வரமாட்டார்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் விடுபடக்கூடாது. ஒன்று, உங்கள் வங்கியின் சட்டப் பிரிவு நிராகரித்தால் அட்வான்ஸ் முழுதும் எத்தனை நாளில் திரும்பும் என்பது. இரண்டு, சொத்துவரி, குடிநீர் வாரிய வரி, மின்கட்டணப் பாக்கியை விற்பவர் தீர்ப்பார் என்பது. மூன்று, வீடு காலியாக ஒப்படைக்கப்படும் என்பது. இங்கே மாத வாடகைக்குப் பதில் ஒரு பெருந்தொகையைக் கொடுத்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் போக்கியத்துக்கும் லீசுக்கும் குடியிருப்பவர்கள் அதிகம். என் உறவினர் ஒருவர் மாடிப் போர்ஷனில் ஐந்து லட்சம் லீசுக்கு ஒரு குடும்பம் இருப்பதைப் பதிவு முடிந்து பால் காய்ச்சப் போன அன்றுதான் அறிந்தார். லீஸ் பணம் வாங்கியவர் போன் எடுக்கவில்லை. குடியிருப்பவர்மேல் தப்பில்லை; அவர் பணத்தைக் கேட்டார். கடைசியில் கொடுத்தது என் உறவினர். ஒப்பந்தத்துக்கு முன் குடியிருப்பவரிடம் நேரே பேசுங்கள். காலி செய்யும் நாளை அவர் கையெழுத்தோடு வாங்குங்கள்.

உங்கள் வக்கீல் பெயரில் ஒரு நாளிதழில் பொது அறிவிப்பு கொடுப்பதும் இந்தக் கட்டத்தில்தான். மறைந்திருக்கும் பங்காளிகள் வெளியே வருவதானால் இதற்குள் வருவார்கள்.

9. பதிவு நாள்

பதிவுக்கு முதல்நாள் மாலை வில்லங்கத்தை இன்னொரு முறை பாருங்கள். வரைவுப் பத்திரத்தில் எல்லாச் சர்வே எண்களும், பழைய கதவு எண்ணும் புதிய கதவு எண்ணும், நான்கெல்லையும் தாய்ப் பத்திரத்தோடு எழுத்துக்கெழுத்து பொருந்துகின்றனவா என்று ஒருவர் படிக்க ஒருவர் சரிபாருங்கள். பிழை இருந்தால் பிறகு பிழைதிருத்தல் பத்திரம் எழுத வேண்டும். அதற்கு விற்றவர் மறுபடி வந்து கையெழுத்திட வேண்டும். விற்றுப் பணம் வாங்கியவரை மறுபடி வரவழைப்பது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கே தெரியும்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், அதில் 1 சதவீதத்தை விற்பவர் பெயரில் பிடித்து வருமான வரித் துறைக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டுவாசி என்றால் விகிதம் வேறு, மிக அதிகம். முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். மீதிப் பணத்துக்கான வரைவோலையைக் கொடுக்கும் அதே மேசையில் மூலப் பத்திரங்களையும் சாவியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

10. பதிவுக்குப் பின்

பத்திரம் கைக்கு வந்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பத்து ஆண்டு கழித்து விற்கும்போதுதான் பட்டா பழைய பெயரிலேயே இருப்பது தெரியவரும். முதல் மாதத்துக்குள் இந்த நான்கையும் முடியுங்கள்: பட்டா மாற்றம், மாநகராட்சியில் சொத்துவரிப் பெயர் மாற்றம், குடிநீர் வாரியத்தில் பெயர் மாற்றம், மின் இணைப்பில் பெயர் மாற்றம். இந்த வரிசையிலேயே போங்கள்; சொத்துவரி ரசீது உங்கள் பெயருக்கு வந்துவிட்டால் மற்ற அலுவலகங்களில் கேள்வி குறையும்.

ஒரு மாதம் கழித்து உங்கள் பெயரில் வில்லங்கச் சான்று ஒன்று எடுத்து, உங்கள் பத்திர எண் அதில் ஏறியிருப்பதைப் பார்த்துக் கோப்பில் வையுங்கள். எல்லா ஆவணங்களையும் ஸ்கேன் செய்து ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். மூலப் பத்திரங்கள் வங்கியில் இருந்தால், ஒப்படைத்த பட்டியலில் அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வங்கியில் இல்லையென்றால், தரையோடு ஒட்டிய பீரோவின் அடித்தட்டில் மட்டும் வைக்காதீர்கள்.